‘டிக்’ என்று கேட்கும் வரை

அந்த அலுவலகத்தில் கெட்டில் என்று ஒரு பொருளே கிடையாது. தேநீர் வேண்டுமென்றால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இயந்திரத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். அதுவும் பாதி நாள் வெறும் வெந்நீரைத்தான் துப்பும். ஆனாலும் அங்கிருந்துதான் ‘முகாமுக்கும் பயணத்துக்கும் ஏற்ற மடக்குக் கெட்டில்கள்: சிறந்த பத்து’ என்ற கட்டுரை உலகத்துக்குப் போனது. ‘பதினாறு கெட்டில்களை எங்கள் குழு ஆறு வாரம் சோதித்தது’ என்று அதன் முதல் பத்தி சொன்னது. குழு என்றால் அதை எழுதிய அவன் ஒருவன். ஆறு வாரம் என்றால் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டுக்கும் நாலரை மணி மீட்டிங்குக்கும் நடுவே.

வேலை நடக்கும் விதமே அப்படி. எட்டுப் பேர், எட்டுக் கணினி, ஒரு பெரிய அட்டவணை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை. கொள்ளளவு, எடை, கைப்பிடி, கொதிக்க எத்தனை நிமிடம் என்று கட்டங்கள் இருக்கும். பாதியைக் கம்பெனிக்காரன் தன் பெட்டியில் அச்சடித்ததிலிருந்து நிரப்புவார்கள். மீதி, வாங்கியவர்கள் பின்னூட்டத்தில் புலம்பியது. எது முதலிடம் என்பதில் எழுதுகிறவனுக்கு வேலையில்லை. எந்தக் கடை கமிஷன் அதிகம் தருகிறதோ அதற்கு நேரே டீம் லீடர் பச்சை நிறம் பூசிவிடுவார். பச்சைக்குப் புகழ்மாலை தொடுப்பது மட்டும்தான் இவன் பாடு. ஏழு வருஷமாகத் தொடுக்கிறான். மெத்தை, குடை, மீன் தொட்டி என்று நானூறு பட்டியலுக்கு மேல் ஆகிவிட்டது. சகாக்கள் அவனை ‘டாப் டென்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

கெட்டில் விஷயத்தில் அவன் செய்தது ஒரு சின்னச் சோம்பேறித்தனம். பட்டியலில் நாலாவதாக இருந்த கெட்டிலின் கழுத்தில் ஒரு பூட்டு வளையம் உண்டு. மடங்கிக் கிடக்கிற ரப்பர்ச் சுவரை மேலே இழுத்தால் ‘டிக்’ என்று சத்தம் வரும். வந்துவிட்டால் சுவர் திரும்ப மடங்காது. பச்சை பூசிய முதலாவது கெட்டிலைப் பற்றி எழுதச் சரக்கில்லாமல் போகவே, நாலாவதன் வரிசையை நகலெடுத்து ஒட்டி, பெயரையும் நிறத்தையும் மாற்றினான். பூட்டு வளையத்தை அழிக்க மறந்துவிட்டான். ‘டிக் என்ற சத்தம் கேட்கும் வரை நன்றாக இழுக்கவும்’ என்ற வரி அப்படியே தங்கிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற வழக்கமும் அங்கே இல்லை.

வீட்டில் அவனுக்கு வேறு பட்டம். அவனுடைய அக்கா யாரிடம் பேசினாலும் ‘எங்க வீட்டு எழுத்தாளர்’ என்பாள். அவன் எழுதும் பட்டியல் ஒன்றையும் விடமாட்டாள். மீன் தொட்டிப் பட்டியலைக்கூட, மீனே இல்லாத வீட்டில் உட்கார்ந்து கணவனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியவள். மாமா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். கையில் உருட்டிப் பார்க்காமல் ஒரு நட்டைக்கூட வாங்கமாட்டார். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடி. உக்காந்த இடத்துலேர்ந்து மீன் தொட்டி செய்றான் உன் தம்பி” என்பார். அதற்கு அக்கா சண்டைக்குப் போவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பதினோரு வருஷ மணவாழ்க்கையில் அந்த வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி இவன் பொருட்டு நடந்தது.

இப்போது மாமாவால் சண்டை போட முடியாது. தொண்டையில் வந்த கட்டி முதலில் குரலைத்தான் கொண்டுபோனது. சட்டைப் பையில் சின்ன நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுகிறார்.

ஒரு நாள் காலை அக்கா ஃபோன் செய்தாள்.

“டேய், மாமாவுக்குக் கரண்ட் வைக்கணும்னு, அதான் ரேடியேஷன், சொல்லிட்டாங்க. முப்பது நாள், தினமும். ஆஸ்பத்திரிக்கு எதிர்லயே லாட்ஜ் எடுத்திருக்கோம். அங்க அடுப்பு வைக்கக் கூடாதாம். ரெண்டு மணிக்கொரு தடவை வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்பளிக்கணும். ஃபைலு, ஸ்கேன் படம், துணிமணின்னு ரெண்டு பையும் பிதுங்குது. மடக்கி வைக்கிற மாதிரி கெட்டில் இருக்காமே, உனக்குத் தெரியாததா? நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லு.”

“சொல்றேன்க்கா.”

சொல்லவில்லை. தேடாமல் இல்லை. சாயங்காலம் தன் பட்டியலையே திறந்து வைத்துக்கொண்டு மேலும் கீழும் உருட்டினான். பத்தில் எது நல்ல கெட்டில்? அவனுக்குத் தெரியவில்லை. மற்ற தளங்களில் பார்த்தான். அங்கேயும் இவனைப் போலவே யாரோ இவனைப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் கெட்டில் சொன்னவன், கூடப்பிறந்தவளுக்கு ஒன்றைச் சொல்ல வக்கில்லாமல் நாலு நாள் ஓட்டினான்.

ஐந்தாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

“உனக்கு வேலை தலைக்கு மேல இருக்கும், தெரியும். நான் என்ன மக்கா? உன் கட்டுரையை எடுத்து ரெண்டு தடவை படிச்சேன். நம்பர் ஒன்னையே வாங்கிட்டேன். மாமா மூஞ்சியைச் சுளிச்சார். ஆறு வாரம் எந்தம்பி கொதிக்க வச்சுப் பாத்திருக்கான், உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டேன். வாயைத் திறக்கல.”

“அவரால எப்படிக்கா திறக்க முடியும்?”

அவள் சிரித்தாள். கட்டி வந்த பிறகு அவள் சிரித்து அவன் கேட்டது அன்றுதான். அதைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மை அதுவல்ல. சொன்னால் ஏழு வருஷமும் சேர்ந்து சரிந்துவிடும். ஒரு கெட்டில்தானே, தண்ணீர் கொதித்தால் போதாதா என்று மனதைப் பூசி மெழுகிவிட்டான்.

லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே மறுபடி ஃபோன் வந்தது.

“டேய், ஒரு சந்தேகம். இழுத்தா டிக்குனு கேக்கும்னு எழுதியிருக்கியே, எனக்கு ஒண்ணும் கேக்கலையே?” பின்னால் காகிதம் கிழிபடும் சத்தம் வந்தது. “இரு, மாமா என்னமோ எழுதி நீட்டுறார். பூட்டே இல்லையாம் இதுல. கட்டை விரலால அமுக்கி அமுக்கிப் பாக்குறார். டிப்போவுல இருந்த கண்ணு, இதுலயும் போல்ட்டைத் தேடுது.”

அவன் கணினியில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தான். வளையம் இல்லை. பூட்டு இல்லை. நாலாவது கெட்டிலைத் திறந்தான். இருந்தது. தான் செய்தது என்னவென்று அந்த நொடியே தெளிவாகத் தெரிந்துவிட்டது.

‘அக்கா, அது தப்பா எழுதிட்டேன்.’ நாலே வார்த்தைதான். ஆனால் அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் ஒரு கேள்வி வரும். ஆறு வாரம் கொதிக்க வைத்தவனுக்கு அதில் பூட்டு இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியாமல் போகும்? அந்தக் கேள்வி மாமாவின் நோட்டில் எழுதப்பட்டு, மாமாவின் பொடி எழுத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

“புதுசுல இறுக்கமாத்தான் இருக்கும்க்கா. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்துப் பாரு” என்றான்.

“அதானே பாத்தேன்” என்று நிம்மதியாக ஃபோனை வைத்தாள்.

அவனுக்கு நிம்மதி வரவில்லை. எழுந்து போய் லீடரிடம் சொன்னான். ஒரு வரியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். லீடர் நாற்காலியைத் திருப்பக்கூட இல்லை.

“அந்தப் பக்கம் இப்பத்தான் தேடல்ல மேல ஏறிட்டிருக்கு டாப் டென். இப்ப கைய வச்சா விழுந்துடும். மாசக் கடைசில பாத்துக்கலாம். சத்தம் வருதா வரலையான்னு யாரு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா?”

கேட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தான். அன்று பயணத் தலையணைகளுக்குப் பச்சை பூசியிருந்தது.

பத்தொன்பதாம் நாள் அக்காவின் எண்ணிலிருந்து வேறொரு பெண் குரல் பேசியது. பக்கத்து அறையில் மகளோடு தங்கியிருப்பவராம். “பயப்படாதீங்க தம்பி, உயிருக்கு ஒண்ணுமில்ல. அக்காவுக்குக் கையிலயும் தொடையிலயும் வெந்நீர் கொட்டிடுச்சு. கட்டுப் போட்டிருக்கு. அவரைப் பாத்துக்க ஆள் வேணும், கிளம்பி வாங்க” என்றார். அவன் லீடரிடம் சொல்லாமலே கிளம்பி, மறுநாள் காலை அந்த லாட்ஜின் மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றான்.

ஒற்றைக் கட்டில் போட்ட அறை. இன்னொரு ஆள் தரையில் பாயில்தான் படுக்க வேண்டும். ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதுவும் கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால். ஜன்னலில் ஆஸ்பத்திரியின் பின்சுவரும், ஆம்புலன்ஸ் ஏறும் சரிவும் தெரிந்தன. ஜன்னல் விளிம்பில் கெட்டிலின் பெட்டி இருந்தது. அதில் ஒரு மலை, ஒரு கூடாரம், சிரித்தபடி இருவர். அறுபது அறை கொண்ட அந்த லாட்ஜில் மலையேற வந்தவர் ஒருவரும் கிடையாது.

அக்கா வலது கையை விரல் நுனி வரை சுற்றிய கட்டோடு தலையணை மேல் தூக்கி வைத்துப் பாயில் உட்கார்ந்திருந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்துத் தோல் கருகி உரிந்துகொண்டிருந்தது. அவனை ஒரு முறை பார்த்தார், தலையசைத்தார், நோட்டை எடுக்கவில்லை.

“உன்னையும் அலைய வச்சுட்டேன் பாரு” என்று அக்கா ஆரம்பித்தாள். “எல்லாம் என் அவசரம்டா. இந்த ரூம்ல வைக்க இடம் ஏது, தினமும் எட்டுத் தடவை மடக்குறதும் நிமிர்த்துறதும்தானே. ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் வரட்டும் வரட்டும்னு இழுப்பேன். நீ வேற அழுத்தி இழுக்கச் சொல்லியிருந்தியா, முழங்காலால அமுக்கிக்கிட்டு ரெண்டு கையாலயும் இழுப்பேன். அதுல ரப்பரு அடித்தட்டுலேர்ந்து விட்டுப்போச்சு போல. நேத்து கொதிச்ச தண்ணியோட தூக்கினேன், மேல்பாகம் கையோட வந்துடுச்சு, அடி அங்கேயே நின்னுடுச்சு.”

“வலிக்குதாக்கா?”

“வலி கிடக்கட்டும். எனக்குக் காதுதான் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். ஒரு தடவைகூடக் கேக்கலடா அந்தச் சத்தம். இவரோட கவலையில கவனிக்காம விட்டிருக்கேன். எதிர்ல காது டாக்டர் இருக்காராம், நாளைக்கு டோக்கன் போட்டு வச்சிருக்கேன்.”

அவன் கீழே பார்த்தான். பாயின் ஓரம் ஈரமாக இருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. கட்டிலிலிருந்து மாமா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தலை நிமிராமலே தெரிந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. பக்கத்து அறைப் பெண் உள்ளே வந்தார். கையில் அதே மலை, அதே கூடாரம், பிரிக்காத பெட்டி.

“வந்துட்டீங்களா தம்பி! நல்லவேளை. உங்க அக்கா சொல்லித்தான் இந்த மாடியில இன்னும் நாலு ரூம்ல இதை ஆர்டர் பண்ணோம். எந்தம்பி எழுதினதுன்னு ஃபோன்ல எடுத்துக் காட்டினாங்க. முந்தாநாள் ராத்திரிதான் எல்லாருக்கும் வந்துச்சு, விடிஞ்சா அக்காவுக்கு இப்படி. இப்போ தொடவே பயமா இருக்கு. நீங்கதான எழுதினவரு? எப்படி இழுத்தா அந்தச் சத்தம் வரும்னு ஒரு தடவை காட்டிக் குடுத்துடுங்க, மத்தவங்களுக்கு நான் சொல்லிடுறேன்.”

பெட்டியைப் பிரித்து அவன் கையிலேயே வைத்துவிட்டார்.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவன் ஒரு மடக்குக் கெட்டிலைத் தொட்டான். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தட்டையாக, வழவழப்பாக, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் இருந்தது. மூடி என்று நினைத்து அடித்தட்டைத் திருகினான். திரும்பவில்லை. கவிழ்த்தான். கைப்பிடி எங்கேயோ மடங்கி ஒளிந்திருந்தது. அதை நகத்தால் நெம்பினான். வயர் வந்து விழுந்தது. அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தார். ஒருவழியாக ரப்பர் ஓரத்தைப் பிடித்து இழுக்கப் பார்த்தான், பிடித்தது தலைகீழாக.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள் வாயில் ஒரு சிரிப்பு இருந்தது, அவன் சின்ன வயதில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு வந்து நின்றால் வருமே, அந்தச் சிரிப்பு. அவன் விரல்கள் தடுமாறத் தடுமாற அது கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோனது. ரெண்டரை வாரம் தினமும் எட்டுத் தடவை அதைக் கையாண்டவள் அவள். தெரிந்த கை எது, தெரியாத கை எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அம்மா, இது வந்து...” என்று அவன் ஆரம்பித்தான்.

“குடுடா இங்க” என்றாள் அக்கா. இடது கையால் வாங்கி, பெட்டிக்குள் போட்டு, அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். “இதைத் திருப்பி அனுப்பிடுங்கம்மா. மத்த மூணு ரூமுக்கும் சொல்லிடுங்க, யாரும் கரண்ட்ல மாட்ட வேண்டாம். இவன் எழுதினது வேற கெட்டில். நான்தான் பேரை மாத்திப் படிச்சுட்டு உங்களையும் வாங்க வச்சுட்டேன். எம் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.”

“ஐயோ, அதனால என்னம்மா, உங்க கஷ்டத்துல...” என்று அவர் அவளைத் தேற்றிவிட்டுப் போனார். போகிற போக்கில் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“பதினாறு கெட்டில்னு எழுதியிருந்தியே” என்றாள் அக்கா. “அதுல ஒண்ணையாவது தொட்டுப் பாத்தியா?”

“இல்லக்கா.”

“மெத்தை? குடை?”

“இல்ல. எதையுமே இல்ல.”

அவள் கட்டுப் போட்ட கையைத் தலையணையில் சரியாக வைத்துக்கொண்டாள். அடுத்த கேள்வியைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. அது அவனுக்கும் தெரிந்தது.

“அன்னைக்கு ஃபோன் பண்ணேனே. சத்தம் கேக்கலைன்னு. அப்போ உனக்குத் தெரியுமா, அதுல சத்தமே வராதுன்னு?”

பொய் சொல்ல நல்ல இடம் அது. ஏழு வருஷப் பழக்கம் நாக்கு நுனி வரை வந்தது. “தெரியும்க்கா” என்றான்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். நாசமாய்ப் போனவனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பான், அழுதிருப்பான், இரண்டு பேரும் அழுதுவிட்டு எழுந்திருப்பார்கள். அவளோ தலைமாட்டில் ஃபைலுக்கு அடியில் இருந்த டோக்கன் சீட்டை இடது கையால் உருவினாள். ஒற்றைக் கையால் கிழிக்க முடியாமல், கசக்கி மூலையில் போட்டாள்.

“நீங்க சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்” என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னாள்.

இந்த நாளுக்காகத்தான் மாமா பதினோரு வருஷம் காத்திருந்தார் என்று யாராவது நினைத்தால் அது தவறு. அவர் முகத்தில் வென்றவனின் களை ஒன்றும் இல்லை. நோட்டை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார், கொஞ்ச நேரம் வெள்ளைத் தாளையே பார்த்தார். பிறகு மூடியைப் போட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தனக்காக வாதாட அந்த அறையில் இனி ஒருவரும் இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்காவின் ஃபோனில் அலாரம் அடித்தது. கொப்பளிக்கும் நேரம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். தொடைக் காயம் இழுக்க, பல்லைக் கடித்தாள்.

“நீ உக்காருக்கா. நான் கொண்டுவர்றேன்.”

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினான். தெருவைக் கடந்து ஆஸ்பத்திரி கேண்டீனில் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர், எல்லோர் கையிலும் பிளாஸ்க், எல்லோர் முகத்திலும் அக்காவின் முகத்தில் இருந்த அதே வறட்சி. அவர்களில் எத்தனை பேர் எந்தப் பட்டியலைப் படித்துவிட்டு எதை வாங்கியிருக்கிறார்களோ என்று நினைக்கவே கூசியது. கொதிக்கும் வெந்நீரை வாங்கி, பச்சைத் தண்ணீர் கலந்து, மூடியில் ஊற்றி வாயில் வைத்துப் பார்த்தான். சுட்டது. இன்னும் கொஞ்சம் கலந்தான். மறுபடி வாயில் வைத்தான். உதட்டுக்கும் தொண்டைக்கும் இதமாக இருந்தது. நம்பிக்கை வராமல் மூன்றாவது தடவையும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு மூடியைத் திருகி, மாடி ஏறினான்.

அக்கா டம்ளரில் உப்புப் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள்.

“பதமான சூடுதான்க்கா. நானே குடிச்சுப் பாத்தேன்” என்றான்.

அவள் டம்ளரில் ஊற்றினாள். இடது கைச் சுண்டுவிரலைத் தண்ணீருக்குள் விட்டுச் சிறிது நேரம் வைத்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் மாமாவிடம் நீட்டினாள்.